கொழும்பில் உங்களுக்கென்று ஒரு வாங்கு

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஹட்டனிலிருந்தோ வேலைக்கென்று கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸிலோ கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையிலோ குடியிருப்பவர்களுக்கு முதலில் தெரியவரும் குறை முற்றம் இல்லாததுதான். கதவைச் சாத்தினால் நான்கு சுவர், திறந்தால் ஹோர்ன் சத்தம். ஊரில் மாமரத்தடியில் கதிரையைப் போட்டுச் சும்மா இருந்த அரைமணி நேரத்துக்கு இங்கே ஈடு வேண்டுமென்றால் பூங்காதான் கதி. ஆனால் பலர் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு, "ஒரு ஆறுதலும் இல்லை, சனமும் நுளம்பும்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். பிழை பெரும்பாலும் பூங்காவில் இல்லை. போன நேரம் பிழை, இருந்த இடம் பிழை, அல்லது பத்துத் தடவை போகவேண்டியதை இரண்டோடு நிறுத்தியது பிழை.

புது இடத்தில் கண் ஓய்வதில்லை. பின்னால் வருகிறவர் யார், பை எங்கே இருக்கிறது, அந்த நாய் கடிக்குமா, கேற்றை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று மனம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும்போதுதான் அந்தக் கணக்கு தானாக நின்றுபோகிறது. ஆகவே அழகான பூங்காவைத் தேடி அலைவதைவிட, பக்கத்தில் இருப்பதைப் பழக்கிக்கொள்வதே வேலை.

எந்தப் பூங்கா

வாசலிலிருந்து நடந்து 10 நிமிடம், கூடினால் 15. இதுதான் முதல் அளவுகோல். பஸ் பிடிக்கவேண்டிய பூங்கா மூன்றாவது வாரத்தோடு நின்றுவிடும். வேலைத்தலத்துக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில் இருக்கும் பூங்காவும் கணக்கில் சேரும், ஏனென்றால் அதற்கென்று தனியாக வெளிக்கிட வேண்டியதில்லை. 2019இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் பதில்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழித்தவர்கள், அங்கே போகவே போகாதவர்களைவிட நல்ல உடல்நலமும் மனநிறைவும் இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் என்றாலும் பல நாளாகப் பிரித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பூங்காவால்தான் சுகம் வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என்றாலும் இலக்கு வைத்துக்கொள்ள நல்ல எண்: வாரத்தில் 6 நாள், நாளுக்கு 20 நிமிடம். வேலைக்குப் போகிறவருக்கும் இது கட்டுப்படியாகும்.

நகர மண்டபம், யூனியன் பிளேஸ், கொள்ளுப்பிட்டிப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு விகாரமகாதேவி பூங்கா வசதி. வயதானவர்கள் இன்னும் விக்டோரியா பார்க் என்றுதான் சொல்வார்கள். நகர மண்டபத்துக்கு நேரெதிரே பெரிய புத்தர் சிலை இருக்கும் முகப்பு வாசல்தான் எல்லாருக்கும் தெரிந்தது. சனமும் வியாபாரமும் அந்தப் பக்கமும் சிறுவர் பூங்காப் பக்கமுமே கூடுதல். உள்ளே மரம் அடர்ந்த பகுதிக்கு நடந்துவிட்டால் சந்தடி பாதியாகிவிடும். கோட்டையிலிருந்து மகரகமைப் பக்கம் போகும் 138 பஸ் இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

சுதந்திர சதுக்கம் நடப்பவர்களின் இடம். விடியவும் பின்னேரமும் வேகநடைக்காரர்கள் அணி அணியாக வருவார்கள். நடந்து களைத்து மனம் ஆறுகிறவர்களுக்கு அது சரி. இருந்து ஆறுகிறவர்களுக்கு அவ்வளவு சரிவராது, இருக்கிறவரைச் சுற்றி எல்லாரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். சனி, ஞாயிறுகளில் கல்யாணச் சோடிகளும் படப்பிடிப்புக்காரர்களும் வேறு.

வடகொழும்புக்காரர்களுக்கு, அதாவது முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு, மட்டக்குளியின் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. கடல் காற்று தாராளம், நிழல் குறைவு. காலையிலோ வெயில் சரிந்த பிறகோ மட்டும் போகவேண்டிய இடம்.

வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும்தான் பெரிய பூங்கா என்று ஒன்று கிடைக்கவில்லை. அங்குள்ளவர்களின் பூங்கா கடற்கரைதான். மரைன் டிறைவ் ஓரமாகக் கடலைப் பார்த்தபடி இருக்கலாம். ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பு: வீதிக்கும் கடலுக்கும் நடுவே கரையோர ரயில் பாதை ஓடுகிறது. தண்டவாளத்தில் இருப்பதும், அதன் வழியே நடப்பதும், காதில் இயர்போனோடு அதைக் கடப்பதும் உயிரோடு விளையாடுவது. அலையிரைச்சலில் ரயில் வரும் சத்தம் கடைசி நேரம்வரை கேட்காது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது அலைபடும் பாறைகளில் இறங்கவும் வேண்டாம்.

காலிமுகத்திடலைச் சொல்லாவிட்டால் கோபிப்பார்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைவெளி அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணும்படி, பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டுக் கல்லிலும் வெட்டி வைத்தார்கள். பின்னேரம் பட்டம், இறால் வடை, குடும்பங்கள் என்று அது திருவிழாதான். சந்தோஷம் வேண்டுமென்றால் பின்னேரம் போங்கள், அமைதி வேண்டுமென்றால் விடிய 6 மணிக்குப் போங்கள்.

பத்தரமுல்லை, தலவத்துகொடைப் பக்கமுள்ள பெத்தகான, தியசரு ஆகிய ஈரநிலப் பூங்காக்கள் வேறு ரகம். சதுப்பு நிலத்தின் மேல் பலகைப் பாதை, கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் உண்டு. ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது இப்படியான இடங்களால்தான். நுழைவுச்சீட்டு எடுக்கவேண்டும், தூரமும் கூட. மாதத்துக்கு ஒரு ஞாயிறு போய்வர நல்லது, அன்றாடத்துக்கு ஒத்துவராது. அங்கே நீர்க்கரையில் கால் தொங்கப்போட்டு இருக்கவேண்டாம். தியவன்னாப் பக்கத்து நீர்நிலைகளில் முதலைகள் உண்டு. பாதையின் குறுக்கே கபரகொய்யா படுத்திருந்தால் நின்று வழிவிடுங்கள், அது தானாகப் போய்விடும்.

இரண்டு பூங்காக்களுக்கிடையில் தடுமாறினால், ஒவ்வொன்றுக்கும் வேலைநாளில் இரண்டு தடவையும் வாரக்கடைசியில் ஒரு தடவையும் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் வைத்து எந்தப் பூங்காவையும் எடை போடக்கூடாது.

எந்த நேரம்

கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் 5.50க்கும் 6.25க்கும் இடையில் உதிக்கும், மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில் மறையும். வித்தியாசம் அரைமணி நேரம்தான் என்று அசட்டை செய்யவேண்டாம். மே மாதத்தில் காலை 6 மணிக்கு நல்ல வெளிச்சம், ஜனவரிக் கடைசியில் அதே 6 மணிக்கு இருட்டு இன்னும் விலகியிராது. நவம்பர் நடுவில் மாலை 6 மணிக்கெல்லாம் பொழுது பட்டுவிடும். தனியாகப் போகிறவர்கள் ஆண்டு முழுக்க ஒரே மணிக்கூட்டு நேரத்தைப் பிடித்துக்கொண்டிராமல், வெளிச்சத்தைப் பார்த்துக் கால்மணி நேரம் முன்பின்னாக மாற்றிக்கொள்ளவேண்டும்.

வேலைநாளில் நல்ல நேரம் 6 மணியிலிருந்து 6.45 வரை. அதன்பிறகு பாடசாலை வான்கள் கிளம்பிவிடும், 8.30 வரை வீதிச் சத்தம் ஓயாது. பாடசாலை விடும் 1.30க்கு இன்னொரு அலை வரும். பலருக்குத் தெரியாத நேரம் 9.30க்கும் 11க்கும் இடைப்பட்டது: நடப்பவர்கள் போய்விடுவார்கள், பிள்ளைகள் பள்ளியில், தோட்டக்காரர் மட்டும் இலை கூட்டிக்கொண்டிருப்பார். இரவு வேலைக்காரர்களுக்கும், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும் அந்த நேரம் பொன்னானது. மர நிழல் மட்டும் தேவை.

பின்னேரம் போவதென்றால் 4.45 தொடக்கம் 5.45 வரை. மார்ச், ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டு மணிக்குமேல் இடிமழை வருவது வழமை, அந்த மாதங்களில் காலையை நம்புங்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். காற்றும் அப்போது பலமில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கும் புழுக்கம் தணியாது. அந்தக் காலத்தில் போனால் மனம் ஆறாமல் வேர்த்துத்தான் திரும்புவீர்கள், அதற்காகப் பூங்காவைக் குறை சொல்லவேண்டாம்.

நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா விடுமுறை என்றால் குடும்பம் குடும்பமாகச் சனம் வரும். மே மாத வெசாக் நாட்களில் விகாரமகாதேவிப் பக்கம் வெளிச்சக்கூடு பார்க்கத்தான் போகலாம், அமைதிக்கு இல்லை. அதுவும் பார்க்கவேண்டிய ஒன்றே. மாறாக, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நான்கைந்து நாட்கள் கொழும்பே வெறிச்சோடிக் கிடக்கும். ஊருக்குப் போக லீவு கிடைக்காமல் நிற்பவர்களுக்கு அந்த ஆண்டின் மிகச் சிறந்த பூங்கா நாட்கள் அவைதான்.

வாங்கைத் தெரிவு செய்வது

இதற்கு ஒரு முழு வருகையை ஒதுக்குங்கள். அன்றைக்கு ஓய்வு வேண்டாம், ஆராய்ச்சி மட்டும். பூங்காவை ஒருமுறை சுற்றி நடந்து, நிழலுள்ள வாங்குகளில் ஒவ்வொன்றாக இரண்டிரண்டு நிமிடம் இருந்து பாருங்கள்.

முதலில் மேலே பாருங்கள், பிறகு கீழே. வாங்கிலும் நிலத்திலும் வெள்ளைக் கறை காய்ந்திருந்தால் மேலே கிளையில் காகம் தங்குகிறது என்று அர்த்தம். காலையில் தப்பலாம், பொழுதுபட காகங்கள் அடையும் நேரத்தில் தப்பமுடியாது. காகம் கூட்டில் குஞ்சு வைத்திருந்தால் கீழே போகிறவரின் தலையில் கொத்தவும் வரும். சில நாட்கள் அந்த மரத்தை விட்டு விலகியிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. பட்டுப்போன கிளை, இலையில்லாத ஒற்றைக் கொம்பு, அடிமரத்தில் காளான் முளைத்த மரம், இவற்றின் கீழும் வேண்டாம். காற்றும் மழையுமான நாட்களில் கொழும்பின் பழைய பெருமரங்களை நம்பக்கூடாது. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ் மீது மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

அடுத்தது வெயில். காலைக்கு, மரம் உங்களுக்குக் கிழக்கே நிற்கவேண்டும், பின்னேரத்துக்கு மேற்கே. ஒரே வாங்கு இரண்டுக்கும் ஒத்துவருவது அபூர்வம். முற்பகலில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: ஜூன் மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும், டிசம்பரில் தெற்கே. ஆகவே ஜூனில் நிழலாக இருந்த வாங்கு டிசம்பரில் சுடும். சீமெந்து வாங்குகள் பகல் வெயிலைக் குடித்துவிட்டுப் பின்னேரம் ஆறு மணிக்கும் சூடாறாமல் இருக்கும், விடியவோ பனியில் நனைந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து, பழைய பத்திரிகை அல்லது ஒரு சின்னத் துவாய்.

பிறகு முதுகு. முதுகுக்குப் பின்னால் பாதை போகும் வாங்கில் யாருக்கும் மனம் ஆறாது, காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்து தானாகத் திரும்பும். பின்னால் மதிலோ செடிவேலியோ அகன்ற அடிமரமோ இருந்து, முன்னால் திறந்த வெளியும் வாசலுக்குப் போகும் பாதையும் தெரிந்தால் அதுவே நல்ல இடம். அதற்காக யாருக்கும் தெரியாத மூலைக்குப் போய்விடக்கூடாது. குறிப்பாகப் பெண்கள், நடப்பவர்களின் பாதையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், ஒரு பத்துப் பதினைந்து மீற்றருக்குள் இருப்பது நல்லது. மரத்தடியில் குடைக்குள் தலை மறைத்திருக்கும் சோடிகள் கொழும்புப் பூங்காக்களின் நிரந்தரவாசிகள். அவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை, நீங்களும் பார்க்காமல் அடுத்த வாங்குக்குப் போய்விட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

சத்தத்தைப் பொறுத்தவரை செடிகொடி அதிகம் தடுக்காது, மதில்தான் தடுக்கும். ஆனால் வாகனம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அதே சத்தம் குறைவாக உறுத்தும், அந்த வகையில் செடிவேலிக்கும் பலன் உண்டு. பஸ் தரிப்பிடம், போக்குவரத்து விளக்கு, மேட்டில் ஏறும் வீதி, இவற்றின் பக்கம் வேண்டாம். சீராக ஓடும் வாகன இரைச்சலுக்குக் காது பழகிவிடும், பிரேக்குக்கும் ஹோர்னுக்கும் பழகாது. விழுகிற தண்ணீர் சத்தம் ஏதாவது இருந்தால் அதன் பக்கம் போங்கள், மற்றவற்றை அது மூடிவிடும்.

இத்தனையையும் பார்த்தபிறகு ஒரு வாங்கையும், மாற்றாக இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள். மாற்று எதற்கு என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

கொண்டுபோவதும் போகக்கூடாததும்

நுளம்பு விரட்டி கிறீம் கட்டாயம். டெங்கைப் பரப்பும் நுளம்பு கடிப்பது பகலில், அதிலும் விடிந்த பிறகும் பொழுதுபட முன்பும்தான் கூட. அதாவது நீங்கள் பூங்காவில் இருக்கும் அதே நேரம். கணுக்கால், முழங்கை, பிடரி, காதோரம் ஆகிய இடங்களில் பூசவேண்டும், முகத்துக்கு மட்டும் பூசிவிட்டுப் போகிறவர்களே அதிகம். சித்திரனெல்லா எண்ணெய் நீண்ட நேரம் நிற்காது, இருக்கப்போகும் நேரத்துக்குச் சற்று முன்னர் பூசுங்கள். வெளிர்நிற நீளக் காற்சட்டை, காலுறை. வாங்கைச் சுற்றித் தயிர்ச் சட்டியோ யோகட் கோப்பையோ கிடந்து மழைநீர் தேங்கியிருந்தால் கவிழ்த்துவிட்டுக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், ஒரு நிமிட வேலை.

அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல், மடிப்புக் குடை, துவாய், இவ்வளவும் போதும். சாப்பாடு கொண்டுபோகவேண்டாம். பாண் துண்டு ஒன்றை எடுத்தீர்களென்றால் முதலில் காகம், அடுத்து நாய், பிறகு உங்கள் இருபது நிமிடமும் அதோடு சரி. இரை போடுவதும் அப்படித்தான். ஒருநாள் போட்டால் மறுநாள் உங்களைத் தேடி வரும்.

போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில், அதுவும் தனியாக இருப்பவர்களுக்கு, அது நல்ல யோசனையல்ல. சத்தத்தை நிறுத்தி, 20 நிமிடத்துக்கு அதிரும் அலாரம் வைத்து, பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்துவிடுங்கள். அலாரம் இல்லாவிட்டால் "எத்தனை மணி ஆகிவிட்டதோ" என்று மூன்று தடவை எடுத்துப் பார்ப்பீர்கள், எடுத்தால் வாட்ஸ்அப் தெரியும். இயர்போன் வேண்டாம். பாட்டுக் கேட்டால் பூங்கா கேட்காது, பின்னால் வருகிறவரும் கேட்காது.

செருப்பைவிடச் சப்பாத்து நல்லது. மழைக்காலத்தில் இன்டர்லொக் கல் பதித்த பாதைகளில் பாசி பிடித்து வழுக்கும். புல்லில் வெறுங்காலோடு நடப்பது சுகம் என்பது உண்மைதான், ஆனால் மழை பெய்து தண்ணீர் தேங்கிய இடத்தில் நடக்கவேண்டாம். காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும் வழி அதுவே. காய்ந்த புல், காய்ந்த நாள் என்றால் நடக்கலாம்.

அந்த இருபது நிமிடம்

வாசலில் நுழைந்ததும் நேரே போய் இருந்துவிடாதீர்கள். வேலையின் வேகம் காலில் இன்னும் இருக்கும். ஒரு சுற்று, அல்லது ஐந்து நிமிடம், வழமையைவிட மெதுவாக நடங்கள். மற்றவர்கள் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள், எதிர்த்திசையில் போனால் ஒவ்வொரு முகத்தையும் பார்த்து ஒதுங்கவேண்டி வரும். தினம் ஒரே வழியால் போவது முக்கியம். மூன்றாம் வாரமளவில் பாதையின் எந்தக் கல் ஆடும், எந்த வேர் தட்டும் என்று காலுக்கே தெரிந்துவிடும்.

இருந்ததும் பையை மடியிலோ, வாரை முழங்கையில் மாட்டிப் பக்கத்திலோ வையுங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் படட்டும். கண்ணை மூடவேண்டாம். பொது இடத்தில் கண்ணை மூடினால் மனம் இன்னும் கூட விழிக்கும். ஒரு கிளை, ஒரு இலைக்கொத்து என்று அசையும் ஏதாவதொன்றில் பார்வையைச் சும்மா விட்டுவையுங்கள்.

மூச்சு: மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகும், அதனால்தான் 4க்கு 6. ஒரு மூச்சு 10 வினாடி, நிமிடத்துக்கு 6, ஐந்து நிமிடத்தில் 30. விரல் கணுக்களில் எண்ணினால் இலகு. இங்கே நடக்கும் பிழை ஒன்று உண்டு: நன்றாகச் செய்யவேண்டும் என்று நெஞ்சு நிறைய இழுப்பது. அப்படி இழுத்தால் தலை சுற்றும். வழமையான அளவே இழுங்கள், நேரத்தை மட்டும் நீட்டுங்கள். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டுவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

பிறகு காது. தூரத்தில் கேட்பது ஒன்று, நடுவில் ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று பொறுக்குங்கள். தூரத்தில் ரயிலோ பள்ளிவாசலின் பாங்கோ கோயில் மணியோ, நடுவில் தோட்டக்காரரின் ஈர்க்குமாறு, கிட்டத்தில் அணில். சத்தங்களைத் தடுக்கப் பார்க்கிறவருக்கு ஒவ்வொரு சத்தமும் தொந்தரவு. எண்ணிப் பொறுக்குகிறவருக்கு ஒவ்வொன்றும் ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ பேத்தோவனின் மெட்டை இழுத்துக்கொண்டு வீதியில் போகும்போது மட்டும் இது பலிக்காது. அது போகும்வரை சிரித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

மனதை வெறுமையாக்க முயலவேண்டாம். வீட்டு வாடகை, மனேஜரின் முகம், ஊரிலுள்ள அம்மாவின் முழங்கால் எல்லாம் வரத்தான் செய்யும். வந்ததும் அடுத்த சத்தத்தைத் தேடுங்கள். இருபது நிமிடத்தில் நாற்பது தடவை திரும்பக் கொண்டுவரவேண்டியிருந்தாலும் அது தோல்வியல்ல, பயிற்சியே அதுதான்.

முதல் வாரம் சலிப்பாகவே இருக்கும், அதை எதிர்பாருங்கள். சலிப்புக்கு மருந்து பெயர் தெரிந்துகொள்வது. உங்கள் வாங்கிலிருந்து தெரியும் மரங்களில் மூன்றின் பெயரைக் கண்டுபிடியுங்கள், தோட்டக்காரரைக் கேட்டால் சிங்களப் பெயரையாவது சொல்வார். குடை விரித்தாற்போல் பரந்து நிற்பது பெரும்பாலும் சிங்களத்தில் மாரா எனப்படும் தூங்குமூஞ்சி மரம். பொழுதுபட இலைகளைச் சோடி சோடியாக மடித்துக்கொள்ளும், மேகம் கறுத்தாலும் மடிக்கும். நிழலை நம்பி அதன் கீழ் இருந்தால் மழை நேரே தலையில் விழும். அடிமரத்திலேயே பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் தொங்கினால் நாகலிங்கம். அதன் கீழ் மட்டும் இருக்கவேண்டாம், அந்தக் காய் விழுந்தால் வாங்கும் மிஞ்சாது.

பறவைகளில் மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, குக்குறுவான், கிளி ஆகிய ஐந்தையும் ஒரு மாதத்தில் குரலாலேயே இனங்காணலாம். தவிட்டுக்குருவிகள் ஆறேழாகக் கூடிக் குடும்பச் சண்டைபோலச் சலசலக்கும். குக்குறுவான் கண்ணில் படாது, குரல் மட்டும் "குட்ரூ குட்ரூ" என்று நிற்காமல் வரும். ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரை இந்தியாவிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி பற்றைகளுக்குள் இருக்கும். காலை ஆறு, மாலை ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். அதன் குரலைக் கேட்டுவிட்டால் அந்த ஆண்டு முழுக்கப் பூங்காவுக்குப் போக வேறு காரணம் தேவையில்லை.

அலாரம் அதிர்ந்ததும் துள்ளி எழும்பாமல் ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழும்புங்கள். போனை வாசலுக்கு வெளியே வந்தபிறகு பார்க்கலாம்.

கெடுப்பவை

ஆட்கள். ஒரே நேரம், ஒரே வாங்கு என்றால் இரண்டு வாரத்தில் முகம் பழகிவிடும். தலையசைப்பு போதும், சிங்களம் தெரியவேண்டியதில்லை. பிறகு ஒருநாள் அங்கிள் ஒருவர் பக்கத்தில் வந்திருந்து, "தம்பி எந்த ஊர்?" என்று தொடங்குவார். ஊரைச் சொன்னால் பாடசாலை, பாடசாலையைச் சொன்னால் சொந்தக்காரர் என்று அரைமணி நேரம் போகும். முகத்தைத் திருப்பவும் வேண்டாம், மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். "அங்கிள், ஒரு பத்து நிமிஷம் இப்பிடி இருந்திட்டு வாறன், பிறகு நடந்துகொண்டு கதைப்பம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அவருக்கும் விளங்கும். கதைக்கிற நேரத்தையும் இருக்கிற நேரத்தையும் கலக்காமல் விட்டால் போதும். இப்படிப் பழகிய ஒருவர் பூங்காவில் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பும்கூட.

கச்சான் விற்பவருக்கு "எபா" (வேண்டாம்) என்று சிரித்துக்கொண்டு சொன்னால் நகர்ந்துவிடுவார். யாராவது பின்தொடர்ந்தாலோ பக்கத்தில் வந்து நெருக்கினாலோ வாக்குவாதம் வேண்டாம், எழுந்து காவலாளி அல்லது வாசல் பக்கம் நடங்கள். பொலிஸ் அவசர இலக்கம் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்புலன்ஸ் 1990. மூன்றையும் போனில் பதிந்து வையுங்கள்.

நாய். பூங்கா நாய்கள் பழகிய முகத்தை விட்டுவிடும், ஓடுபவரைத்தான் துரத்தும். கூட்டமாகக் குரைத்தால் ஓடாமல் நின்று, கண்ணுக்குள் பார்க்காமல், பையை முன்னால் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பக்கவாட்டில் விலகுங்கள். கடித்தால் அல்லது நகக்கீறல் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது.

இடி. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்துவிட்டால் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் அல்லது வாகனத்துக்குள் போய்விடுங்கள். தனித்து நிற்கும் மரமும் திறந்த திடலும் இரண்டுமே ஆபத்து. கடைசி இடியிலிருந்து அரைமணி நேரம் கழித்துத்தான் திரும்பலாம்.

விடாமழை வாரங்களில் போகமுடியாது என்று பழக்கத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். குடையோடு வாசல்வரை போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாலும் அன்றைய கணக்கில் சேரும். பழக்கம் அறுந்துபோவதுதான் உண்மையான இழப்பு, மறுபடி தொடங்க ஒரு மாதம் எடுக்கும்.

பூங்காவால் ஆகாததும் உண்டு. இரண்டு வாரத்துக்குமேல் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் வாங்கில் இருந்து சரிசெய்யப் பார்க்கவேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். எடுத்துக் கதையுங்கள், தமிழில் கதைக்கவேண்டும் என்று கேளுங்கள்.

இனி அந்த மாற்று வாங்கு. ஒருநாள் போகும்போது உங்கள் வாங்கில் வேறு யாராவது இருப்பார்கள். வெளியூர்க் குடும்பமொன்று சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்து, பிள்ளைகள் வாங்கின் மேலே ஏறி நிற்பார்கள். உங்கள் இடத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று கோபம்கூட வரும். அந்தக் கோபம் வந்தால் பூங்கா உங்களுக்குப் பழகிவிட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். எழும்புவார்களா என்று சுற்றிச் சுற்றி வந்து பார்க்காமல், நேரே இரண்டாவது வாங்குக்குப் போய்த் துவாயை விரியுங்கள்.